பீன்ஸ் மிச்சமான கால்வாய்

ஒரு நீர்வழியைச் சொகுசுப் படகுப் பயணத்துக்கு உரியது என்று சொல்லலாமா, அல்லது அது வெறும் தண்ணீர்தானா என்று முடிவு செய்கிற பிரிவு மூன்றாம் மாடியில் இருந்தது. அந்தக் கட்டடத்தில் குழாய்த் தண்ணீர் ஏறாத மாடியும் அதுதான். பிரிவின் கண்காணிப்பாளருக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. அலுவலகத்தில் அவள் மேடம். தங்கைக்கு அக்கா, தங்கை கணவருக்கு அண்ணி, கணக்கு வாத்தியாரான கணவருக்கு "இந்தாம்மா". அவளுக்கு நீச்சல் தெரியாது. வேலையில் சேரும்போது அதை யாரும் கேட்கவில்லை, அவளாகவும் சொல்லவில்லை.

பட்டியலில் ஓர் ஆறு சேர்ந்துவிட்டால் அதற்குப் படகுத்துறை வரும், விளக்குக் கம்பம் வரும், கழிப்பறை வரும், கழிப்பறைக்கு அம்புக்குறி போட்ட பலகையும் வரும். சேராவிட்டால் ஆறு முன்பு போலவே ஓடிக்கொண்டிருக்கும். ஊர்க்காரர்களுக்கு அதுதான் பொறுக்காது. கூட்டமாக மாடியேறி வந்து, மூச்சு வாங்க உட்கார்ந்து, தங்கள் ஆற்றின் பெருமையை எடுத்துவிடுவார்கள். பாதி வருடம் காய்ந்து கிடக்கிற ஆற்றுக்காக வந்த ஒருவர், தண்ணீர் இல்லாத மாதங்களில் படகைத் தள்ளிக்கொண்டு போக ஆட்கள் தயாராக இருப்பதாகச் சொன்னார். ஏரிக்காரர்கள் வருடம் தவறாமல் வந்தார்கள். ஏறின இடத்திலேயே இறக்கிவிட்டால் அதற்குப் பெயர் பயணம் இல்லை, ராட்டினம் என்று அவளும் வருடம் தவறாமல் சொல்லி அனுப்பினாள்.

விதிகள் அதிகமில்லை. தண்ணீர் ஓட வேண்டும். ஓரிடத்தில் ஏறி வேறோரிடத்தில் இறங்க வேண்டும். படகு தரை தட்டக் கூடாது. கரையில் "பார்ப்பதற்குரியவை" இருக்க வேண்டும். முதல் மூன்றையும் படகு இன்ஜினீயர் கயிறும் கழியும் வைத்து அளந்துவிடுவார். நான்காவதை எதை வைத்து அளப்பது என்று விதியை எழுதியவர் எழுதாமலேயே ஓய்வு பெற்றுவிட்டார்.

அதை அவள் பீன்ஸ் வைத்து அளந்தாள்.

இது திட்டம் போட்டுச் செய்ததில்லை. பிரிவுக்கு வந்த புதிதில் ஒரு நாள் வீட்டுக்கு விருந்தாளிகள் வருவதாக இருந்தது. அன்றைக்கென்று ஆற்றுப் பரிசோதனையும் வந்து சேர்ந்தது. வேறு வழியில்லாமல் ஒரு பை பீன்ஸை எடுத்துக்கொண்டு படகில் ஏறி, ஒரு மூலையில் உட்கார்ந்து நார் உரித்துக்கொண்டே போனாள். கரையேறியதும் அப்போதைய அதிகாரி, ஆறு எப்படியம்மா என்று கேட்டார். "தெரியல சார், நான் பீன்ஸ் உரிச்சிட்டு இருந்தேன்" என்றாள். அவர் பையை வாங்கிப் பார்த்தார். பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. இவ்வளவு நேரமும் உரித்தவளின் கை எதனால் நின்றது என்று அவர் யோசித்தார். அந்த ஆறு பட்டியலில் சேர்ந்தது. இன்றைக்கும் கூட்டம் குறையாத ஆறு அது.

அதிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. பை அதே பை, பீன்ஸ் அதே அளவு. உட்காருவது இன்ஜினுக்குப் பக்கத்தில், புகையும் சத்தமும் வருகிற இருக்கையில். நல்ல இடத்தில் உட்கார்ந்தால் சாக்கடைகூட அழகாகத்தான் தெரியும் என்பது அவள் கட்சி. பீன்ஸ் தீர்ந்தால் ஆறு தேறவில்லை. மிஞ்சினால் தேறியது. கடல் மாதிரி அகலமான ஆறு ஒன்று இருந்தது, ஊரே கொண்டாடுகிற ஆறு. அதில் போனபோது அவள் பீன்ஸை முடித்து, இன்ஜினீயர் வீட்டுக்கு வாங்கி வைத்திருந்த பூண்டையும் உரித்துக் கொடுத்துவிட்டாள். அந்த ஆறு பட்டியலில் இல்லை.

வீட்டில் வாத்தியார்தான் சமையல். சாயங்காலம் அவள் வந்ததும் பையைத் திறந்து பார்ப்பார். அரசாங்க முடிவு அமைச்சருக்குப் போவதற்கு முன்னால் அந்த அடுப்படிக்கு வந்துவிடும். அவர் வெளியே மூச்சு விடமாட்டார். ஆனால் தங்கைக்குத் தெரியும். அக்கா வீட்டுப் பாத்திரம் வரைக்கும் தெரிந்தவளுக்கு இது தெரியாமல் இருக்குமா?

தங்கை கணவர் திரைச்சீலைக் கடை வைத்திருந்தவர். கடை சரிப்பட்டு வரவில்லை. அதை விற்று வந்த பணத்தில் பழைய படகு ஒன்றை வாங்கி, வெள்ளை அடித்து, கடையில் மிஞ்சிய திரைகளையெல்லாம் அதன் ஜன்னல்களில் மாட்டினார். வேடிக்கை பார்க்கிற படகுக்கு இவ்வளவு திரை எதற்கு என்று சகலை என்கிற உரிமையில் வாத்தியார் கேட்டதற்கு, திறந்தால் பார்க்கலாம், மூடினால் தூங்கலாம் என்று பதில் வந்தது. கூடவே ஒரு தொப்பியும் வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து தெருவில் அவர் கேப்டன்.

படகு நின்றது கால்வாயில். ஊருக்குப் பின்புறமாக, தங்கை வீட்டுக் கொல்லையையும் தொட்டுக்கொண்டு ஓடுகிற கால்வாய். கால்வாய் பட்டியலில் சேர்ந்தால்தான் சுற்றுலாக்காரர்களை ஏற்றலாம். ஏற்றினால்தான் படகு வாங்கியதற்கு அர்த்தம். சேராவிட்டால் ஐம்பது வயதில் வேறு யாருடைய கடையிலாவது போய் நின்று துணி மடிக்க வேண்டியதுதான். கேப்டன் இதை வாய் திறந்து சொன்னதில்லை. ஆனால் தங்கை முகத்தைப் பார்த்தால் போதும்.

விண்ணப்பம் வந்த அன்றே அவள் பிரிவு அதிகாரியிடம் போய், படகுக்காரர் என் தங்கை வீட்டுக்காரர், இதில் என்னை விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டாள். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. இந்த ஊரில் யாருக்கு யார் சொந்தமில்லை, அதையெல்லாம் பார்த்தால் மூன்றாம் மாடியையே பூட்ட வேண்டியதுதான் என்றார். முடிவு சொல்கிற குழுவில் மூன்று பேர். ஓட்டல் சங்கத்துக்காரர், அந்தக் கால்வாய்க் கரையில் ஓட்டல் என்ன, ஓட்டலின் பெயர்ப்பலகை வைக்கக்கூட இடமில்லை என்று வராமலேயே மறுத்துவிட்டார். இன்ஜினீயருக்கு ஆழம் சரியாக இருந்தது, அதனால் சம்மதம். மிச்சம் அவள் ஒருத்தி.

பரிசோதனை அன்று காலையில் தங்கை வந்தாள். அக்காவுக்கு ஒத்தாசை செய்கிறேன் என்று பையை அவளே கட்டினாள். தண்ணீர் பாட்டில், துண்டு, சின்னக் கத்தி, பீன்ஸ். கால்வாயைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் தன் வீட்டுக்குத் திரும்பினாள். பேசாதது அக்காவுக்கு நிம்மதியாக இருந்தது. பை என்றைக்கும் இல்லாமல் கனத்தது. தனக்குத்தான் வயதாகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

ஓட்டல் சங்கத்துக்காரருக்காகக் காத்திருக்கத் தேவையில்லாததால் படகு சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே கிளம்பிவிட்டது. கேப்டன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, கண்ணை முன்னால் மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டினார். வீடுகள் நெருங்கும் இடம் வந்ததும் இன்ஜினை நிறுத்தினார். நீரோட்டமே இழுத்துக்கொண்டு போகும், சத்தமே இருக்காது, பாருங்க அண்ணி என்று அதைப் பெருமையாகச் சொன்னார்.

கால்வாய்க்குக் கரை என்று ஒன்றும் இல்லை. இரண்டு பக்கமும் வீடுகளின் பின்வாசல். முன்வாசலில் கோலமும் குரோட்டன்ஸுமாக இருக்கிற அதே வீடுகளா இவை என்று நம்புவது கஷ்டம். ஒருவர் கண்ணாடியை ஜன்னல் கம்பியில் செருகிவைத்து, பாதி முகத்தில் நுரையோடு யாருக்கோ வாய்க்குள் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருத்தி மாமியார் புடவையை மற்ற துணிகளைவிட ஓங்கி அடித்துத் துவைத்தாள். வங்கி மேலாளர் ஒருவர், அலுவலகத்தில் நிமிர்ந்து பார்க்காத மனிதர், பூனையிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். மேடத்தின் கையில் ஒரே பீன்ஸ் வெகு நேரமாக இருந்தது.

கால்வாய் வளைகிற இடத்தில் ஒரு பின்வாசலில் துணிக்கொடி கட்டியிருந்தது. கொடியில் ஒரு படுக்கை விரிப்பு. விரிப்புக்கு முன்னால் ஒருத்தி கையில் தட்டோடும் தட்டில் காலிக் கோப்பைகளோடும் நின்றுகொண்டு, உடம்பை வளைத்து, "வாங்க, வாங்க. பயணம் சௌகரியமா இருந்துச்சா? எங்க கேப்டன் ரொம்ப அனுபவசாலி" என்றாள். விரிப்பு ஏதோ சொல்லியிருக்க வேண்டும். அதற்கு அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இன்னொரு தரம் வளைந்தாள். பிறகு தட்டைக் கீழே வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்தாள். சிரிப்பு எந்த இடத்தில் இறங்கிப் போனது என்று தெரியவில்லை. யாரும் குடியில்லாத வீடு மாதிரி இருந்தது அந்த முகம்.

தங்கை பிறந்ததிலிருந்து பார்க்கிற முகம். அதை இப்படி அக்கா பார்த்ததே இல்லை.

இன்ஜினீயர் எழுந்து நின்று பார்த்தார். அந்தப் பெண் யாரென்று அவருக்குத் தெரியாது. முதுகு குலுங்கச் சிரித்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "மேடம், இது ஒண்ணுக்கே டிக்கெட் வாங்கலாம்."

கேப்டன் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். படகு சத்தமில்லாமல் வளைவைத் தாண்டியது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது தங்கை அடுப்படியில் காத்துக்கொண்டிருந்தாள். பையை அக்கா தோளிலிருந்து அவளே இறக்கினாள், திறந்தாள், உள்ளே பார்த்தாள், கண் கலங்கிவிட்டது. வாத்தியாரும் எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு, இந்தக் கால்வாய் தேறினது மட்டுமில்லை, இதை வைத்து இந்த வாரம் முழுக்க நாம் சாப்பிடலாம் என்றார்.

அப்போதுதான் அக்காவுக்குப் பொறி தட்டியது. பையைத் தூக்கிப் பார்த்தாள்.

"எவ்வளவுடி போட்ட?"

"எப்பவும் போடுறதுதான்."

"பொய் சொன்னா உன் காது சிவக்கும். சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான்."

தங்கை காதை முந்தானையால் மூடிக்கொண்டு, ரெண்டு மடங்கு என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, ரெண்டரை என்றாள்.

வாத்தியார் பாத்திரம் ஒன்றை எடுத்துக்கொண்டு வேலையே இல்லாத பக்கமாக நகர்ந்துவிட்டார்.

அக்கா முக்காலியில் உட்கார்ந்தாள். பீன்ஸ் மிஞ்சியது கால்வாயாலா, போட்ட அளவாலா என்று பையைப் பார்த்து இனிமேல் யாராலும் சொல்ல முடியாது. இத்தனை வருடத்தில் முதல் தடவையாகத் தானே யோசித்து முடிவு சொல்ல வேண்டும் என்ற நிலைமை அவளுக்கு வந்தது. ஆனால் யோசிக்கப் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. கை ஏன் நின்றது என்று அவளுக்குத் தெரியும்.

தங்கை கெஞ்சவில்லை, நேராகக் கேட்டாள். "பீன்ஸை விடு. உனக்குப் பிடிச்சுதா இல்லையா, அதைச் சொல்லு."

"பிடிச்சுது. கண்ணை எடுக்க முடியல."

"அப்புறம் என்ன?"

"உன்னைப் பார்த்தேன்."

தங்கைக்குப் புரியவில்லை. எங்கே என்று கேட்டாள். பின்வாசலில் என்றாள் அக்கா. தட்டு, விரிப்பு எல்லாம் சொன்னாள். இன்ஜினீயர் சிரித்ததையும் சொன்னாள். சொல்லாமல் விட்டிருக்கலாம், ஆனால் சொன்னாள். படியில் உட்கார்ந்ததை மட்டும் சொல்லவில்லை. தங்கை கேட்டுக்கொண்டே வந்தவள், அது மட்டும் ஏன் வரவில்லை என்பது போல அக்காவின் முகத்தையே பார்த்தாள். இப்போது காது மட்டுமில்லை, கழுத்து வரை சிவந்திருந்தது.

"நீங்க ஏன் சீக்கிரமா வந்தீங்க? சொன்ன நேரத்துக்கு வந்திருந்தா நான் நல்ல புடவை கட்டி நின்னிருப்பேன்."

"நீ நின்னிருப்ப. அந்தத் தெருவுல எல்லாரும் நல்ல புடவை கட்டி நிப்பாங்க. நுரை பூசின ஆளு உள்ள போய்க் கதவைச் சாத்திப்பாரு. அப்புறம் அங்க பார்க்க என்ன இருக்கும்? சாத்தலைன்னா தினமும் யாராவது உங்களைப் பார்த்துச் சிரிப்பாங்க. டிக்கெட் வாங்கிட்டுச் சிரிப்பாங்க."

அவர் தொழில் நடக்குமென்றால் சிரித்துவிட்டுப் போகட்டும் என்றாள் தங்கை. தன்னைப் பார்த்துச் சிரிப்பதில் தனக்கு ஒன்றுமில்லை என்றாள். சொல்லிக்கொண்டே இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள், பிடித்துக்கொண்டதைத் தானே பார்த்துவிட்டுக் கையை எடுத்தாள். அடுப்பில் எதுவும் இல்லை. இரண்டு பேரும் அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"நீ மாட்டேன்னுதான் எழுதப் போற" என்றாள் தங்கை கடைசியில்.

"ஆமா."

"எழுதிக்கோ. ஆனா என்னைப் பார்த்தேன்னு எழுதாதே. அவருக்கும் தெரிய வேண்டாம்."

மறுநாள் மூன்றாம் மாடியில் அவள் அறிக்கை எழுதினாள். மறுப்பதற்குக் காரணம் எழுத வேண்டும். யோசித்துவிட்டு, "கரையில் பார்ப்பதற்குரியவை எதுவும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அவள் சர்வீஸில் எழுதிய முதல் பொய் அதுதான். கையெழுத்து வழக்கத்தைவிட அழகாக வந்தது.

முடிவு வெளியானதும் கால்வாய்க்காரர்கள் கொதித்துப் போனார்கள். சுற்றுலா வராததில் அவர்களுக்குக் கவலையில்லை. எதுவும் இல்லை என்றால் என்ன அர்த்தம், நாங்கள் இருக்கிறோமே என்பதுதான் அவர்கள் வாதம். வங்கி மேலாளர் எல்லாருடைய சார்பிலும் மாடியேறி வந்தார். அவள் அவரை உட்காரவைத்து, தண்ணீர் வாங்கிவரச் சொல்லிக் கொடுத்து, பூனையை நினைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்தாள்.

கேப்டன் மட்டும் உடனே வரவில்லை. ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தங்கையையும் கூட்டிக்கொண்டு வந்தார். தொப்பி இல்லை. வாத்தியார் கொடுத்த காபியைத் தொடாமல் உத்தரவுக் காகிதத்தை மேஜையில் விரித்தார். அண்ணி மேல் தனக்குக் கோபம் எதுவும் இல்லை, ஒரே ஒரு கேள்விதான் என்றார். இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு போனேனே, அதில் உங்கள் கண்ணுக்கு எதுவுமேயா தெரியவில்லை?

அக்கா வாயைத் திறந்தாள்.

தங்கை முந்திக்கொண்டாள். "அங்க என்ன இருக்கு? நம்ம வீட்டுக் கொல்லைதானே. உள்ளதைத்தான் எழுதியிருக்கா." காபியை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் பஸ் சுற்றிக்கொண்டு போகிறது, அந்தப் பக்கத்து ஜனங்கள் தினமும் அல்லாடுகிறார்கள், அவர்களை ஏற்றுவதற்கு யாருடைய பட்டியலும் வேண்டாம் என்றாள். கேப்டன், காய்கறிக் கூடை ஏற்றவா நான் படகு வாங்கினேன் என்றார். ஆமாம் என்றாள் அவள்.

அவர் காகிதத்தைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். இரண்டு பேரும் ஒரே மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார்கள். அந்த முகத்தோடு பேசிப் பிரயோஜனமில்லை என்பது அவருக்குக் கல்யாணமான புதிதிலேயே தெரியும். காபியைக் குடித்தார். சர்க்கரை குறைவாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.