பூங்காவில் நின்ற அந்தோனியார்

காற்றில் அணைந்த மெழுகுதிரியின் கருகல் மணம் எனக்கு எந்தத் தேவாலயத்தையும் நினைவூட்டுவதில்லை. ரொறன்ரோவின் நடுவில் ஒரு சின்னப் பூங்காவில் நின்ற வெண்கல மனிதர் ஒருவரின் காலடியைத்தான் நினைவூட்டும். மாகாணத்தின் தலைநகரம் என்ற எடுப்புக்கு இந்த நகரம் எங்கெங்கோ ஆண்ட பெரிய மனிதர்களுக்கெல்லாம் சிலை வைத்திருக்கிறது. புறாக்களைத் தவிர யாரும் அவர்களை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அம்மா பார்த்தார்.

அப்போது எனக்கு எட்டு வயது. அம்மாவும் நானும் சென் ஜேம்ஸ் ரவுணில் பதினாலாம் மாடியில் ஓர் அறையில் இருந்தோம். மன்னார்க் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், 'கிளாக்கராக' இருந்த அப்பா, எங்களை முதலில் அனுப்பிவிட்டுக் கொழும்பில் ஒரு 'லொட்ஜில்' விசாவுக்காகக் காத்துக்கிடந்தார். அம்மா அவரை 'ஸ்பொன்சர்' செய்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. இன்னொரு பத்திரம் கேட்டுக் கடிதம் வரும், அம்மா அனுப்புவார், மறுபடியும் கடிதம் வரும்.

அப்படி ஒரு கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டுத் திரும்பும்போதுதான் அந்தச் சிலையைக் கண்டு அம்மா நடுவழியில் நின்றுவிட்டார். கணுக்கால்வரை தொங்கும் அங்கி, இடது கையில் புத்தகம், போதாக்குறைக்கு அன்று செவ்வாய்க்கிழமை. செவ்வாய் புனித அந்தோனியாரின் நாள். மன்னார்க் கத்தோலிக்கப் பெண் ஒருத்திக்கு இதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்? அந்தோனியாரின் கையில் வழக்கமாக இருக்கும் குழந்தை யேசு இல்லாததுதான் ஒரு குறை.

"பாலனைக் காணேல்லை," என்று கொஞ்சம் யோசித்தார். "இஞ்சத்தை ஆக்கள் வேறை மாதிரிச் செய்திருப்பினம். பிள்ளை, உதிலை என்ன எழுதிக் கிடக்கு? அந்தோனியார்தானே?"

நான் தகட்டை வாசித்தேன். தன் நாட்டுக்கு இரண்டு தடவை பிரதமராக இருந்தவர், கனடாவின் நண்பர் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பிரதமர் என்றால் யார் என்று வகுப்பில் படித்தாயிற்று. திரும்பிப் பார்த்தால், அம்மா கழுத்துச் சால்வையை எடுத்து முக்காடாகப் போட்டுக்கொண்டு கைகூப்பி நிற்கிறார்.

"ஓம்," என்று தலையாட்டினேன்.

அம்மா அந்த இடத்திலேயே நேர்த்தி வைத்தார்: அப்பா வந்து சேர்ந்தால் மூவரும் முழங்காலில் நடந்து சிலையை மூன்று தரம் சுற்றுவோம். அதன்பிறகு ஒவ்வொரு செவ்வாயும் மெழுகுதிரி, தீப்பெட்டி, காற்றோடு மல்லுக்கட்டு. நான் பக்கத்தில் நின்று நடுங்கியது குளிரால் மட்டுமல்ல. அம்மாவின் மன்றாட்டெல்லாம் யாரோ ஓர் அரசியல்வாதிக்குப் போய்க்கொண்டிருந்தது. விசா கிடைக்காமல் போனால் அது என் ஒரு சொல்லால்தான் என்று உறுதியாக நம்பினேன். பயமென்றால் அப்படி ஒரு பயம். உண்மையைச் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம், "அந்தோனியார் கைவிடார் பிள்ளை," என்பார் அம்மா. செவ்வாய் ஒரு நாள்தான் அவர் ஒழுங்காகச் சாப்பிடுவார். வேறு வழியில்லாமல், ஞாயிறுதோறும் பங்குக் கோயிலில் இருந்த உண்மையான அந்தோனியாரிடம் போய், அம்மாவின் விண்ணப்பம் இடம் மாறிப் போய்விட்டது, தயவுசெய்து அங்கே போய் எடுத்துக்கொள்ளும் என்று தனியாகக் கெஞ்சினேன்.

யார் எடுத்துக்கொண்டார்களோ, அடுத்த மாசியில் அப்பா வந்து இறங்கினார். முதல் செவ்வாயே பூங்காவுக்குப் புறப்பட்டோம். பாதி வழியில்தான் எனக்கு உறைத்தது: அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியும்!

கிளாக்கர் புத்தி போகுமா? அப்பா நேரே தகட்டிடம் போய், பனியைக் கையுறையால் துடைத்து, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வாசித்தார். அம்மா அதற்குள் முழங்காலில் நின்றார்.

"இஞ்சாருங்கோ, வாசிச்சது காணும், வாங்கோ. பிள்ளை அண்டைக்கே வாசிச்சுச் சொல்லிப்போட்டா."

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு சிலையை, பிறகு அம்மாவை.

"ஓம், பிள்ளை சரியாத்தான் வாசிச்சிருக்கிறா," என்று சொல்லிவிட்டு அந்தப் பனியில் முழங்காலிட்டார்.

மூன்று தரம் சுற்றினோம். நாயோடு வந்த கிழவர் ஒருவர் எங்களை அந்தத் தலைவரின் நாட்டு ஆட்கள் என்று நினைத்தாரோ என்னவோ, தொப்பியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அப்பா அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. வீட்டுக்கு என்ன கடிதம் வந்தாலும், "பிள்ளையிட்டைக் குடும், அவ வடிவா வாசிப்பா," என்பார். அம்மாவுக்குப் பெருமை தாங்காது. எனக்குக் காது சிவக்கும்.

போன மாதம் அந்தப் பக்கம் போனேன். பூங்காவைக் கிண்டிப் போட்டிருக்கிறார்கள். சிலையையும் தகட்டையும் கழற்றிக்கொண்டு போயாயிற்று; எங்கே என்று அங்கு நின்ற வேலையாட்களுக்குத் தெரியவில்லை. மல்வேர்னில் என்னோடு இருக்கும் அம்மாவிடம் வந்து சொன்னேன். "பறவாயில்லை, கேட்டதைத் தந்திட்டார்தானே," என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணீரைக் குடித்தார். அப்பா காலமாகி நான்கு வருடம். அந்தத் தகட்டில் என்ன எழுதியிருந்தது என்று எங்கள் வீட்டில் இரண்டு பேருக்குத் தெரிந்திருந்தது. இப்போது எனக்கு மட்டும்தான் தெரியும்.