தேங்கிய தண்ணீர்

ஆற்றில் இறங்கியதும் முதலில் மூக்கில் ஏறியது டீசல் நாற்றம். திருக்கோவிலூர் தென்பெண்ணை என்றால் எனக்கு இன்றும் அந்த நாற்றம்தான். கரும்பு வெட்டு முடிந்த ஒரு கோடை விடுமுறையில், கச்சிராயபாளையத்திலிருந்து அப்பா என்னையும் தம்பியையும் அங்கே அத்தை வீட்டுக்கு அழைத்துப் போயிருந்தார். கோபுரம் பார்ப்பது, ஆற்றில் குளிப்பது, மறுநாள் பஸ் ஏறுவது. எங்களைப் போன்ற கூலிக்காரர்களுக்கு அதுதான் சுற்றுலா.

அப்பா கோமுகி அணைத் தண்ணீரை ஊரார் வயல்களுக்குப் பாய்ச்சுகிறவர். எங்கள் கால்வாயில் ஓடுகிற தண்ணீர்தான் ஆளை இழுக்கும். ஓரத்தில் தேங்கி நிற்பது முழங்காலைத் தாண்டாது. அந்தக் கணக்கை அவர் அப்படியே ஆற்றுக்கும் கொண்டுவந்துவிட்டார். நடுவே ஓடிய தண்ணீரைக் காட்டி, "அந்தாண்ட போவாத. இங்க நிக்கிற தண்ணில ஆடு" என்று தம்பியை அனுப்பினார். அது மணல் லாரிக்காரர்கள் நோண்டிவிட்டுப் போன பள்ளம். அடையாளத்துக்கு ஒரு குச்சிகூட நட்டிருக்கவில்லை.

தம்பி இறங்கினான். தலை மறைந்தது. முழங்கால் தண்ணீரில் முங்கி விளையாடுகிறான் என்றே அப்பா நினைத்தார். "எய்ந்துர்றா, போதும்" என்றார். தண்ணீர் அசையவில்லை.

துணி துவைத்துக்கொண்டிருந்த அத்தை திரும்பிப் பார்த்தாள். "அண்ணா, அது லாரிப் பள்ளம்" என்று அலறியபடி ஓடிவந்து, துவைத்த ஈரப் புடவை ஒன்றின் முனையை அப்பா கையில் திணித்து, மறுமுனையை இடுப்பில் சுற்றிக்கொண்டு குதித்தாள். கரை மணல் சரியச் சரிய, அப்பா குப்புறப் படுத்து இழுத்தார். அத்தை கையில் தம்பியின் தலைமுடி இருந்தது. அவன் இருமித் தண்ணீரைக் கக்கும்வரை அப்பா மூச்சு விட்டதாக எனக்கு நினைவில்லை.

சற்றுத் தள்ளி மணல் ஏற்றிக்கொண்டிருந்த லாரி மேலிருந்து ஒருவன் சொன்னான்: "புள்ளய பாத்துக்கத் துப்பில்ல, குளிக்க வந்துட்டாங்க."

"நோண்டத் தெரிஞ்சிதே, மூட இன்னா கேடு உனுக்கு?" என்றாள் அத்தை. அவன் இறங்கி வரவில்லை. லாரி நிறைந்ததும் போய்விட்டான்.

அப்பா அன்றைக்கே எங்களை பஸ் ஏற்றினார். சாகும்வரை அந்த ஆற்றுப் பக்கம் அவர் போகவில்லை.

போன மாதம் தம்பியோடும் அவன் மகளோடும் அங்கே போனேன். கோபுரம் இருக்கிறது. மணலைத்தான் காணோம். முள்மரம் மண்டிய படுகையில் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. "எறங்கலாமாப்பா?" என்று கேட்டாள் குழந்தை.

"வேணாம். எது ஆறு, எது பள்ளம்னு யாருக்குத் தெரியும்" என்று அவள் மணிக்கட்டைப் பிடித்தான். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் அவன் அதை விடவில்லை.