மூன்றாவது மூட்டில் கட்டிய காகிதம்

எங்கள் பெரியப்பா வீட்டிலேயே ஒரு விமானம் கட்டினார். சொன்னால் யாரும் நம்புவதில்லை. நானும் நம்பவைக்க மெனக்கெடுவதில்லை. அதைப் பற்றிப் பெருமை பேசும் யோக்கியதை எனக்குக் கிடையாது. ஏன் கிடையாது என்பது எனக்கும் ஒரு துண்டுக் காகிதத்துக்கும் மட்டும்தான் தெரியும் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெருமாள்மலையில் எங்கள் வீட்டுக்கும் பெரியப்பா வீட்டுக்கும் நடுவில் ஒரு கம்பிவேலிதான். கொடைக்கானலில் ஒரு விடுதிப் பள்ளியின் ஒர்க்‌ஷாப்பில் முப்பது வருடம் ஸ்பேனர் பிடித்து ஓய்வு பெற்றவர் அவர். ஓய்வு பெற்றவர்கள் கோழி வளர்ப்பார்கள், காலையில் நடப்பார்கள். இவர் பேரிக்காய் போட்டுவைக்கும் கொட்டகையைக் காலி செய்து, அலுமினியக் குழாயும் துணியும் வாங்கிப் போட்டு, கைப்பேசியில் வீடியோ பார்த்துப் பார்த்து ஒற்றை ஆள் உட்காரும் விமானம் ஒன்றை நான்கு வருடமாகக் கட்டினார். அதைப் பெரியம்மா எங்கள் அம்மாவிடம் "எனக்கு வந்த சக்களத்தி" என்பார். சொல்லிவிட்டு, சக்களத்தியின் இறக்கைத் துணியைத் தானே உட்கார்ந்து தைத்தும் கொடுத்தார்.

இறக்கை, வால், சக்கரம் எல்லாம் முடிந்தது. முடியாமல் நின்றது பெட்ரோல் கசிவுதான். டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் போகும் வழியில் ஐந்து பித்தளை மூட்டுகள். ஐந்தும் மரை போட்டு முறுக்கியவை. எவ்வளவு முறுக்கினாலும் மரைக்குள் இடுக்கு தேடி பெட்ரோல் வெளியே வந்துவிடும். குழாய் வேலைக்காரர்கள் சுற்றும் வெள்ளை டேப்பைச் சுற்றினால் என்ன என்று எங்கள் அப்பா கேட்டார். பெரியப்பா சிரித்தார்.

"தண்ணிக் கொழாய்க்கு அது சரிப்பா. இதுல ஒரு பிசிறு பிஞ்சு உள்ள போச்சுன்னா கார்புரேட்டர் அடச்சுக்கிரும். கொழாய்ல தண்ணி நின்னா வாளியத் தூக்கிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போலாம். மேல போயி இன்ஜின் நின்னா யாரு வீட்டுக்குப் போறது?"

அதனால் பெட்ரோலில் கரையாத ஒரு பசையை வெளியூரிலிருந்து வரவழைத்திருந்தார். மரையைத் துடைத்து, முதல் இரண்டு சுற்றை வெறுமனே விட்டு, மீதிக்குப் பூசி, முறுக்கி, ஒரு நாள் காயவிட வேண்டும். பிறகு டேங்கை நிரப்பி, ஒவ்வொரு மூட்டிலும் ட்ராயிங் நோட்டுத் தாளில் ஒரு துண்டைச் சுற்றி நூலால் கட்டுவார். கசிந்தால் பெட்ரோல் காற்றில் போய்விடும். ஆனால் அதில் கலந்த ஆயில் தாளில் கறையாக நிற்கும். தொடர்ந்து மூன்று சாயங்காலம் ஐந்து தாளும் சுத்தமாக இருந்தால்தான் பறப்பது. இது அவர் தனக்குத் தானே போட்டுக்கொண்ட சட்டம்.

தாளைப் பார்க்கும் வேலை எனக்கு. எனக்குப் பதினோரு வயது. பெரியப்பாவுக்கு முப்பது வருடப் பெட்ரோலில் மூக்கு செத்துப்போயிருந்தது, கிட்டத்துப் பார்வையும் மங்கல். கண்ணாடியைத் தேடுவதிலேயே அவருக்குப் பாதி நாள் போகும். மூன்றாவது மூட்டைக் காட்டி, அதற்கு நேர் கீழே இருந்த சைலன்சரைத் தொட்டு ஒருநாள் சொன்னார்:

"இதுல ஒரு சொட்டு அது மேல விழுந்தா, ஒங்க பெரியப்பா ஆகாசத்துலயே கருகிருவாரு. நீ காஞ்சிருக்குன்னு சொன்னா நான் ஏறி உக்காந்துருவேன், தாயி. நீ பாத்தா நான் பாத்த மாதிரி."

எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. எல்லாம் தெரியும்.

பள்ளிக்கூடத்தில் என்மேல் பெட்ரோல் வாடை அடிக்கிறது என்று எனக்குப் 'பெட்ரோல் பங்க்' என்று பேர் வைத்திருந்தார்கள். பதிலுக்கு நான் விமானத்தை அவிழ்த்துவிட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை மன்னவனூர் புல்வெளியில் பறக்கப்போகிறது, வேண்டுமானால் வந்து பாருங்கள் என்றேன். மூன்றாவது மூட்டு கசிந்தது. பெரியப்பா எல்லாவற்றையும் கழற்றி மறுபடியும் பூசினார். அடுத்த ஞாயிறும் அதேபோல் தள்ளிப்போனது. வகுப்பில் என்னைக் கண்டாலே கையை விரித்துக்கொண்டு ஓடிக் காட்டினார்கள். மூன்றாவது முறை எங்கள் மிஸ்ஸே ஆறு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வேனில் வருவதாகச் சொல்லிவிட்டார்.

வியாழன் சுத்தம். வெள்ளி சுத்தம். சனிக்கிழமை சாயங்காலம் மூன்றாவது தாளில் கொத்தமல்லி விதை அளவுக்கு ஒரு கறை.

கொட்டகையில் அப்போது யாரும் இல்லை. அந்தத் தாளைக் கழற்றி வாயில் போட்டு மென்று துப்பினேன். என் நாலு கோடு நோட்டின் கடைசித் தாளைக் கிழித்து, அதே அளவுக்கு மடித்து, அதே நூலால் கட்டினேன். கை நடுங்கவில்லை. அதுதான் இன்றைக்கும் என்னைக் கூசவைக்கிறது.

"என்ன பாப்பா, காஞ்சிருக்கா?" என்று வாசலிலிருந்து கேட்டார்.

"அஞ்சும் காஞ்சு கெடக்கு பெரியப்பா."

உள்ளே வரக்கூட இல்லை. அங்கேயே நின்று, இரண்டு கையையும் கூப்பி, "ஸ்தோத்திரம்" என்றார்.

மறுநாள் இறக்கையைக் கழற்றி வண்டியில் ஏற்றி, பூம்பாறை வழியாக வெள்ளனே கிளம்பினோம். வழி நெடுக சொல்லிவிடலாம், அடுத்த வளைவில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மலைப்பாதையில் வளைவுக்கா பஞ்சம்? மன்னவனூர் வந்துவிட்டது. மிஸ்ஸின் வேனும் வந்துவிட்டது.

இறக்கையை மாட்டி முடித்ததும் பெரியப்பா சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, மூட்டுகளில் இருந்த தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். மூன்றாவதைப் பிரித்து வெகுநேரம் பார்த்தார். மடித்து சட்டைப்பையில் வைத்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "மன்னிச்சுக்கங்க. எனக்கு நெஞ்சு படபடங்குது. பயமா இருக்கு. இன்னைக்கு வேணாம்" என்றார்.

எனக்கு உயிர் திரும்பி வந்தது. ஆனால் வண்டிக்காரர்களில் ஒருவர், "இதுக்காடா இம்புட்டு தூரம் வந்தோம்?" என்றதும் கூட்டம் சிரித்தது. என் வகுப்புப் பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்ததோடு விட்டேனா, பாவி! "எங்க பெரியப்பா சும்மா பீத்துவாரு, ஆளு சரியான பயந்தாங்கொள்ளி" என்றேன். நாலடி தள்ளித்தான் அவர் நின்றிருந்தார். "வந்தவங்களுக்கு எலுமிச்சம் சாதத்தக் குடு" என்று பெரியம்மாவிடம் சொன்னார்.

அதன்பிறகு பெருமாள்மலை டீக்கடையில் அவருக்குப் 'பைலட்டு' என்று பேராயிற்று. அவரும் சிரித்துக்கொண்டே டீ குடித்தார்.

திங்கட்கிழமை கொட்டகைக்குப் போனேன். மூன்றாவது மூட்டைக் கழற்றி மேசையில் வைத்திருந்தார். பக்கத்து வீட்டு ஜீப் டிரைவர் அண்ணன் டார்ச் அடித்து மரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீ போய்ப் படி தாயி, பரீட்சை வருதுல்ல" என்றார் பெரியப்பா. அன்று முதல் தாள் பார்க்கிற வேலை அண்ணனுடையது. ஒரு சோலி குறைந்ததென்று நான் குதித்துக்கொண்டு விளையாடப் போனேன்.

இப்போது நான் மூன்றாம் வகுப்புக்கு டீச்சர். போன வருடம் பிள்ளைகளின் நாலு கோடு நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்தபோதுதான் அந்தச் சிவப்பும் நீலமுமான கோடுகள் என் கண்ணில் அறைந்தன. அவருடைய ட்ராயிங் தாளில் கோடே கிடையாது. மன்னவனூரில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவர் வெகுநேரம் பார்த்தது அதைத்தான்.

அந்த வருடமே அவர் பறந்தார். ஒரு புதன்கிழமை காலை, ஒருவரையும் அழைக்காமல், அண்ணனை மட்டும் கூட்டிக்கொண்டு போய், மன்னவனூருக்கு மேலே இரண்டு சுற்று சுற்றி இறங்கினார். அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அழுதுகொண்டே வேலியைத் தாண்டி ஓடினேன்.

"என்னைய ஏன் பெரியப்பா கூப்பிடல?"

"ஒனக்குப் பள்ளிக்கூடம் இருக்கும்ல தாயி."

"காலாண்டு லீவு விட்டு நாலு நாளாச்சு! இங்கதான இருக்கேன்?"

"அப்படியா" என்றவர் கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பாவம், வயதாகிவிட்டது, மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு நானே சமாதானமாகி வீட்டுக்கு வந்துவிட்டேன்.