மாத்திரைக்குப் பின் நெய்

கேரள எல்லையில், கோவிந்தாபுரம் செக்போஸ்ட் அருகே பலகாரக் கடை வைத்திருக்கும் சுஹைனாவுக்குக் கஞ்சப்பிசினாறி என்று பெயர். ஓசியில் அவளிடமிருந்து ஒரு வடை பெயராது. ஆனால் மகள் இர்ஃபானாவின் தட்டில் மட்டும் நெய் மிதக்கும். அதுவும் கடை நெய் இல்லை. பொள்ளாச்சிச் சந்தையில் வெண்ணெய் வாங்கி வந்து, தானே உருக்குவாள்.

காரணம் இருந்தது. கணவன் அஷ்ரஃப் இறந்த பிறகுதான் தன் ரத்தத்தில் எச்.ஐ.வி. இருப்பது அவளுக்குத் தெரிந்தது. அதற்குள் அது கைப்பிள்ளைக்கும் போயிருந்தது. பெற்றவளே கொடுத்த நோய் என்ற நினைப்பு அவளைத் தின்றது. மாத்திரையைச் சாப்பாட்டோடு கொடுக்கச் சொன்னார்கள் ஆஸ்பத்திரியில். இந்த மகராசி அதற்குத் தானாக ஒரு அர்த்தம் கண்டுபிடித்தாள். இவ்வளவு வீரியமான மருந்து உடம்பில் சூட்டைக் கிளப்பிவிடும், அதைத் தணிக்க நெய் வேண்டும். யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்டால் என்ன மாத்திரை என்று திருப்பிக் கேட்பார்களே! வாயை மூடிக்கொண்டு நெய்யை ஊற்றினாள். பிள்ளை கன்னம் உப்பி வளர்ந்தது. மெலிந்தால்தானே ஊர் சந்தேகப்படும் என்று அதிலும் ஒரு நிம்மதி அவளுக்கு.

இந்தத் தடவை ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த மலையாளத்து டாக்டரம்மா நெற்றியைச் சுருக்கினார்.

"வைரஸ் நல்லா அடங்கியிருக்கு. கொலஸ்ட்ரால்தான் வளரே கூடுதல். இப்படியே விட்டா பின்னால ஹார்ட்டுக்குக் கேடு. சாப்பிட என்ன கொடுக்கறீங்க?"

சுஹைனா நெய்யைச் சொன்னாள். டாக்டரம்மா நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட மனது ஆறியிருக்கும்.

"இந்த மாத்திரையே கொழுப்பை ஏத்தும். தப்பு உங்களோடது மட்டும் இல்ல. மருந்தை மாத்திப் பார்க்கலாம், நெய்யை நிறுத்துங்க" என்றார் அவர். அந்த 'மட்டும்' சுஹைனாவின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது.

திரும்பும் பஸ்ஸில் மகளின் முகத்தைப் பார்க்கவே அவளுக்குக் கூசியது. இர்ஃபானாவுக்குப் பதின்மூன்று வயது, தன் நோயைப் பற்றி எல்லாம் தெரிந்தவள்.

"கண்ணு, அந்த நோயும் நான் குடுத்தது, இதும் நான் குடுத்தது. நானெல்லாம் ஒரு தாயா?"

இர்ஃபானா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "எனக்கு நெய்யே புடிக்காதுங்க உம்மா. வாசம் கொமட்டும்."

"அப்புறம் ஏன் தின்னே? ஒரு நாளாச்சும் வேண்டாம்னு சொல்லியிருக்கலாமில்ல?"

"நான் திங்கறப்பத்தானுங்க நீங்க அழுகாம இருந்தீங்க."

சுஹைனா மனசுக்குள் கணக்குப் போட்டாள். பிள்ளைக்கு நோயைக் கொடுத்தாள், கொழுப்பைக் கொடுத்தாள், போதாததற்குத் தன் அழுகையையும் சுமக்கக் கொடுத்திருக்கிறாள்.

அன்று ராத்திரி கஞ்சியும் பயறும் வைத்தாள். இர்ஃபானா முதல் வாய் எடுப்பதற்கு முன் உம்மாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். சுஹைனா பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.