கீபோர்டை மூடிவைத்த நாள்

போன ஞாயிறு மதியம். வெளியே நல்ல மழை. வாடகைக்கு வீடியோ டெக் எடுத்து ஓர் ஆங்கிலப் படம் போட்டோம். வீட்டில் எல்லாரும் தூங்கிவிட்டார்கள். நான் மட்டும் விழித்திருந்தேன்... அதுவும் முக்கால் தூக்கம்தான்.

கதாநாயகன் பியானோ வாசிக்கும் இளைஞன். கழுத்து வெட்டி வெட்டி இழுக்கிறது. தொண்டையிலிருந்து நாய் குரைப்பது போல ஒரு சத்தம். அவனே நினைத்தாலும் அடங்காது. பியானோவில் விரல் வைத்துவிட்டால்? அத்தனையும் நின்றுவிடுகிறது. இது ஒரு நரம்புக் கோளாறு, டூரெட் என்று பெயர் என்கிறார் படத்தில் வரும் டாக்டர்.

என் தூக்கம் போய்விட்டது. திரையில் எனக்குத் தெரிந்தது அமலனின் முகம்.

அண்ணனூரில் எங்கள் சர்ச்சில் கீபோர்டு வாசித்தவன் அமலன். அதே கழுத்து, அதே சத்தம். பேய் என்றார்கள் சிலர், திமிர் என்றார்கள் சிலர். வாசிக்க உட்கார்ந்தால் மட்டும் எதுவும் வராது. பக்கத்து ரயில் ஷெட்டுக்குப் போகும் மின்சார ரயிலின் சத்தம்கூட அவன் வாசிப்போடு சேர்ந்து மிதக்கும். கண்ணை மூடினால் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பதே மறந்துபோகும்.

ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழன் பூசையோடு கீபோர்டை மூடித் துணி போட்டுவிடுவது எங்கள் வழக்கம். ஈஸ்டர் வரை மணிகூடக் கிடையாது. அதனால் மறுநாள் பெரிய வெள்ளிக்கு அமலன் வீட்டிலேயே இருந்துவிடுவான். நாலு வருஷத்துக்கு முன்னால் அவன் அம்மா கெஞ்சியதால் வந்தான். கடைசி பெஞ்சில், என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

இயேசுவின் பாடுகளை வாசிக்கிறார்கள். அவர் உயிர்விட்ட இடம் வந்தது. எல்லாரும் முழங்காலில் — மூச்சுச் சத்தம்கூட இல்லை. அமலனிடமிருந்து ஒரு குரைப்பு. கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டான். இன்னொன்று...

"எழுந்து வெளிய போப்பா. சாமி செத்த நேரத்துல இன்னா வெளாட்டு?"

சொன்னது யார்? வாரா வாரம் இந்தப் பக்கத்தில் உங்களுக்கு நல்லது சொல்லும் அடியேன்தான். பக்தி ஏறினால் காது ரொம்பக் கூர்மையாகிவிடும் போலிருக்கிறது.

ஈஸ்டருக்குக் கீபோர்டின் துணியை எடுக்க அமலன் வரவில்லை. அதன் பிறகு சர்ச் பக்கமே வரவில்லை.

படம் முடியும்வரை பொறுக்க முடியவில்லை. குடையை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்கு நடந்தேன். அவனே கதவைத் திறந்தான். கழுத்து ஒருமுறை வெட்டியது. "உள்ள வாங்கண்ணே" என்றான். படத்தில் பார்த்ததைச் சொன்னேன்.

"இதுக்கு ஒரு பேரு இருக்குதாண்ணே?" திரும்பத் திரும்ப அதையே கேட்டான்.

அவன் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "பேயின்னு சொல்லி எங்கெங்கியோ இட்டுகினு போனேனே..."

எனக்கு அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. "அன்னிக்கு நான் சொன்னது தப்பு அமலா, மன்னிச்சுடு. வர்ற ஈஸ்டருக்கு வந்து வாசி" என்றேன்.

சாரல் உள்ளே வராமல் கதவைச் சாத்தினான்.

"வாசிக்கிறதுக்குன்னா யாரு வேணா கூப்புடுவாங்கண்ணே. பெரிய வெள்ளிக்குக் கூப்புடுங்க, வரேன்."

கூப்பிட்டிருக்கிறேன். அன்று கடைசி பெஞ்சில் சத்தம் கேட்டுத் திரும்புகிறவர்கள், பக்கத்தில் இருக்கும் என்னை முறைக்கலாம்.