மலர் அக்காவின் நீராவிக் கார்

வியாழக்கிழமை காலை மலர் அக்காவின் கணவர் தேவண்ணை தொலைபேசி எடுத்தார். “மலர் எங்களை விட்டிட்டுப் போட்டா” என்றார். இந்த வருடம் எங்கள் சிற்றிதழுக்கு அஞ்சலி எழுதியே கை ஓய்ந்துவிட்டது. ஆனாலும், வேறு யாராவது எழுதினால் ‘அன்பான இல்லத்தரசி’ என்று அவரை முடித்துவிடுவார்களே என்ற எரிச்சலில் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

பார்க்டேல் அடுக்குமாடிக் கட்டடத்தில் நாங்கள் ஒரே மாடியில் குடியிருந்த காலத்திலேயே அக்கா ஒரு தொழிற்சாலையில் இயந்திர வரைபடம் வரைந்தார். பிறகு எங்கள் இதழில் நீராவிக் கார் செய்தவர்களைப் பற்றி எழுதத் தொடங்கினார். பிரேக் இல்லாமல் வண்டி செய்து இறக்கத்தில் உடைத்துக்கொண்ட கியூபெக் மணிக்கூட்டுக்காரர், புகைப்படத் தகடு செய்வதை விட்டுக் காருக்கு வந்த அமெரிக்க இரட்டையர்கள் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். “உந்தக் கதையெல்லாம் ஆர் வாசிக்கிறது” என்று ஒருவர் கேட்டார். “வெண்டவையை எழுத ஊரே இருக்கு. தோத்தவைக்கு நான் ஒருத்தி இருந்திட்டுப் போறன்” என்று அக்கா சிரித்தார். ஏன் தோற்றார்கள் என்று நான் கேட்டதற்கு, “நல்லாத்தான் ஓடினது. கொதிக்குமட்டும் பொறுக்க ஒருத்தருக்கும் ஏலேல்லை” என்றார்.

ஸ்ரௌவ்வில் என்ற ஊருக்குக் குடிபோன பிறகு, வீட்டுக் கராஜில் அப்படி ஒரு காரைத் தாமே செய்தார். அது உள்ளே சொகுசாக இருக்க, ஓடுகிற கார் வெளியே பனியில் கிடந்தது. தேவண்ணை ஒவ்வொரு மாரியும் புறுபுறுத்துக்கொண்டே பனி சுரண்டினார். பாவம், நல்ல மனிதர்.

இதயம் களைத்துவிட்டது என்று டொக்டர் சொன்ன பிறகு அக்காவுக்கு ஒரே ஆசைதான் மிஞ்சியது. அந்தக் காரைத் தெருமுனை வரை ஒருமுறை ஓட்ட வேண்டும்.

ஒரு ஞாயிறு பின்னேரம் நாள் வைத்தார்கள். சந்தனம், குங்குமம், தேங்காய், நாலு சில்லுக்கும் கீழே ஏறி நசுக்கத் தேசிக்காய், எல்லாம் முறைப்படி. நல்ல நேரம் பிறந்த பிறகே காரின் கொதிகலன் அடுப்பை மூட்டினோம். அங்கேதான் பிழை விட்டோம். மற்றக் கார் என்றால் திறப்பைத் திருப்பினால் போதும். இதற்குத் தண்ணீர் கொதிக்க வேண்டுமே! அது அன்று அக்காவுக்குக்கூடத் தோன்றவில்லை. அமுக்கம் காட்டும் ஊசி ஆறுதலாக, மெல்ல மெல்ல ஏறியது. வந்தவர்கள் றோல்ஸ் சாப்பிட்டு முடித்து மணிக்கூட்டைப் பார்த்தார்கள்.

“இஞ்சரும், இராகுகாலம் தொடங்கீற்றுது. உம்மட உடம்பு இருக்கிற இருப்பில எனக்குப் பயமாக் கிடக்கு. வாற ஞாயிறு பாப்பம்” என்றார் தேவண்ணை.

நேரகாலம் எதையும் நம்பாத அக்கா, அவர் முகத்தைப் பார்த்தார். “சரியப்பா, உங்களுக்காக” என்று சொல்லிவிட்டு அடுப்பை அணைக்கக் குனிந்தார். அப்போது ஊசி வேண்டிய இடத்துக்கு வந்திருந்தது. நானும் கண்டேன், அக்காவும் கண்டார். ஆனாலும் அணைத்தார்.

அந்த ‘வாற ஞாயிறு’ மண்டபத்தில் அவர் உடலைப் பார்வைக்கு வைத்தார்கள். அடுத்த ஆட்களுக்கு மண்டபம் வேண்டுமென்று எல்லாமே அவசரம். வரிசையில் நின்ற என் கையைத் தேவண்ணை விடவில்லை.

“நானும் ஊசியைக் கண்டனான்” என்றார்.

 

காரை ஓட்ட நாள் வைத்த அன்று முன் சில்லுக்குக் கீழிருந்து எடுத்து வந்த தேசிக்காய் ஒன்று என் குசினி யன்னலில் இருக்கிறது. அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். காய்ந்து சுருங்கிவிட்டது, நசுங்கவில்லை.