கல்சிலுவைப் படியில் ஒரு ஜாமெட்ரி பாக்ஸ்

மகள் கேக்கின் மெழுகுவத்திகளை ஊதி அணைத்த புகையில், மொரப்பூர் சாலையில் எங்கள் ஊர் முக்கூட்டில் நின்ற கல்சிலுவையின் வாசனை வந்தது. சாலையை அகலப்படுத்தியபோது அதைப் பெயர்த்துவிட்டார்கள். சர்ச் தெருக்காரர்கள் மெழுகுவத்தி ஏற்றியும் எங்கள் மாரியம்மன் கோயில் தெருக்காரர்கள் விளக்கெண்ணெய் ஊற்றியும் கருத்து வழவழத்துக் கிடந்த அதன் படியில்தான், ஊரார் வழியில் கண்டெடுத்த ஒற்றைச் செருப்பு, தூக்குவாளி, கொலுசுத் திருகு எல்லாம் உரியவர் வரும்வரை காத்திருக்கும். அடுத்தவர் பொருளை அங்கே யாரும் தொடமாட்டார்கள்.

நான் தொட்டேன். யாரோ கண்டெடுத்து வைத்த புது ஜாமெட்ரி பாக்ஸ். மூடியில் ஸ்டெல்லா என்று என் வகுப்புப் பெண்ணின் பெயர்கூட இருந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த திருடன் நான். படி இருந்த காலம்வரை திருப்பி வைக்கவும் இல்லை.

மறுநாள் மாலை ஸ்டெல்லாவும் அவள் அம்மாவும் வந்து படியைச் சுற்றித் தேடினார்கள். ஓடிப்போகத் துப்பில்லாமல் நானும் கூடவே குனிந்து, புல்லையெல்லாம் விலக்கித் தேடினேன்.

“அழுவாத கண்ணு, யாரு எடுத்திருந்தாலும் இங்கதான் கொண்டாந்து வெப்பாங்க,” என்ற அவள் அம்மா, “இந்தப் பையனப் பாரு, நமக்காவ எவ்ளோ நேரமாத் தேடறான்,” என்று மடியிலிருந்து ஒரு கை வறுத்த வேர்க்கடலையை எனக்குக் கொடுத்தார்.

பெரிய மனசோடு அதில் நாலை ஸ்டெல்லாவுக்கும் கொடுத்தேன்.